செல்மா, மாண்ட்கமரி சேவைப் பயணம்: மாணவர்கள் அங்கே போய்ச் செய்ய வேண்டியது என்ன?

அட்லாண்டாவாசி:

அனைவருக்கும் வணக்கம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள், வரும் வசந்தகால விடுமுறையில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டம் நடந்த ஊர்களுக்குச் செல்லும் சேவைப் பயணம் ஒன்றில் பெயர் கொடுத்திருக்கிறாள். அட்லாண்டாவில் புறப்பட்டு, மாண்ட்கமரி, செல்மா, பர்மிங்காம் வழியாகத் திரும்புவது திட்டம். அருங்காட்சியகங்களும் தேவாலயங்களும் பார்ப்பதற்குப் பெரும்பகுதி நேரம். செல்மாவில் ஒரு சமூகக் கூடத்துக்குச் சுவர்ப்பூச்சு அடிப்பதற்கு ஒன்றரை நாள். பேருந்து, தங்குமிடம், உணவு எல்லாம் சேர்த்து ஒவ்வொரு மாணவரும் ஒரு தொகை கட்ட வேண்டும்.

அவள் போவதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவள் அப்பா கேட்ட கேள்விக்கு எங்கள் இருவராலும் விடை சொல்ல முடியவில்லை. இத்தனை பேர் பேருந்தில் போய்ச் சுவருக்கு வண்ணம் அடித்துவிட்டு வருவதைச் சேவை என்று சொல்வது முறையா, இல்லை கல்விச் சுற்றுலா என்று நேர்மையாகச் சொல்லிவிடலாமா என்பதே அந்தக் கேள்வி. இத்தகைய பயணங்களை நடத்தியவர்களும், அந்த ஊர்களில் வாழ்பவர்களும் இங்கே இருப்பீர்கள். போவதற்கு முன் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும், எந்த இடத்தைத் தவறவிடக் கூடாது என்பதையும் சொன்னால் நன்றாக இருக்கும்.

பழைய நூலகர்:

சகோதரி, இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை எழுதுகிறேன். உங்கள் மகள் பார்க்கப்போகும் வரலாற்றில் பெரும்பகுதி அவள் வயதுடையவர்கள் உண்டாக்கியது. பயணத்தை ஏற்பாடு செய்கிறவர்கள் பெரும்பாலும் மார்ட்டின் லூதர் கிங்கிலிருந்து தொடங்கி கிங்கிலேயே முடித்துவிடுகிறார்கள். மாணவர்களின் பங்கு அடிக்குறிப்பாகச் சுருங்கிப்போகிறது.

1960 பிப்ரவரி 1 அன்று, வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில், வேளாண் தொழில்நுட்பக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் நால்வர் ஊல்வொர்த் கடையின் உணவு மேசையில் அமர்ந்து காப்பி கேட்டார்கள். வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறும் மேசை அது. மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். சில வாரங்களில் தென் மாநிலங்களின் பல நகரங்களுக்கு அது பரவியது. ஏப்ரல் மாதத்தில் ராலே நகரின் ஷா பல்கலைக்கழகத்தில், எல்லா பேக்கர் என்ற அனுபவம் மிக்க அமைப்பாளர் இந்த மாணவர்களை ஒன்றுகூட்டினார். பெரியவர்களின் அமைப்புகளில் ஓர் இளைஞர் பிரிவாக அடங்கிவிடாமல் மாணவர்கள் தனித்து நிற்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதன் விளைவாகவே மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழு பிறந்தது.

டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகர மாணவர்கள் இப்படிக் கடைக்குள் நுழைவதற்கு மாதக்கணக்கில் முன்பே பயிற்சி எடுத்தார்கள். ஒருவர் வசைபாடுவார், தள்ளுவார். மற்றவர் திருப்பி அடிக்காமல் உட்கார்ந்திருக்கப் பழகுவார். அந்த வகுப்புகளை நடத்திய ஜேம்ஸ் லாசன், 1953 முதல் 1956 வரை நாக்பூரில் மதப்பணியாளராக இருந்து காந்தியின் முறைகளைப் படித்தவர். 1961 மே மாதத்தில், பேருந்துகளில் இருந்த இனப்பிரிவினையை எதிர்த்துப் பயணம் செய்த சுதந்திரப் பயணிகளின் பேருந்து அலபாமாவின் ஆனிஸ்டனில் எரிக்கப்பட்டு, பயணமே நின்றுபோகும் நிலை வந்தபோது, டயன் நாஷ் தலைமையில் நாஷ்வில் மாணவர்கள்தாம் அதைத் தொடர்ந்தார்கள். புறப்படுமுன் அவர்களில் சிலர் உயில் எழுதி வைத்தார்கள். மே 20 அன்று மாண்ட்கமரிப் பேருந்து நிலையத்தில் அவர்களைக் கும்பல் தாக்கியது. அந்த நிலையம் இன்று சிறிய அருங்காட்சியகம். பெரிய இடங்களுக்கு நடுவே அதை விட்டுவிடாதீர்கள்.

முட்புதர்:

கொஞ்சம் கசப்பாக எழுதுவதைப் பொறுத்தருள வேண்டும். நூலகர் ஐயா சொன்ன மாணவர்கள் உயில் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். இன்றைய மாணவர்கள் காப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டுப் போகிறார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதே எனக்கு நெருடலாக இருக்கிறது.

1960இல் செல்மாவின் மக்கள்தொகை 28,000க்கும் மேல். 2020 கணக்கெடுப்பில் அது 18,000க்கும் கீழே வந்துவிட்டது. ஊருக்கு வேலை கொடுத்த கிரெய்க் விமானப்படைத் தளம் 1977இல் மூடப்பட்டது. 2023 ஜனவரி 12 அன்று வீசிய சுழற்காற்று மிஞ்சிய வீடுகளையும் பெயர்த்துப் போட்டது. ஒவ்வொரு மார்ச் மாதமும் அரசியல்வாதிகள் வருகிறார்கள், 1965இல் வாக்குரிமை கேட்டு நடந்தவர்கள் அடிபட்ட பாலத்தில் நடக்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள், இரவுக்குள் மாண்ட்கமரிக்கோ பர்மிங்காமுக்கோ போய்த் தங்குகிறார்கள். மாணவர் பேருந்துகளும் அதே தடத்தில்தான் ஓடுகின்றன.

வண்ணம் அடிக்கும் பணியையே எடுத்துக்கொள்ளுங்கள். தூரிகை பிடித்துப் பழகாத இருபது பேர் ஒன்றரை நாளில் செய்வதை, உள்ளூர் வண்ணக்காரர் ஒருவர் உதவியாளுடன் அதைவிட நன்றாகச் செய்துவிடுவார். கூலியும் அந்த ஊரிலேயே தங்கும். மாணவர்களின் பேருந்துக் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்தால் எது யாருக்கு உதவி என்பது விளங்கும்.

மெம்பிஸ் நகரின் லொரெய்ன் விடுதியை நினைவூட்டுகிறேன். 1968 ஏப்ரல் 4 அன்று கிங் சுடப்பட்ட அந்த இடம் 1991இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அதற்காக 1988இல் வெளியேற்றப்பட்ட கடைசிக் குடியிருப்பாளரான ஒரு பெண், எதிர்ப்புறச் சாலையோரத்தில் பல பத்தாண்டுகள் மறியல் இருந்தார். இந்தப் பணம் ஏழைகளின் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்பது அவர் வாதம். கிங் மெம்பிஸுக்கு வந்ததே, குப்பை வண்டியின் அழுத்து இயந்திரத்தில் சிக்கி இரு தொழிலாளர்கள் இறந்ததைத் தொடர்ந்து வேலைநிறுத்தத்தில் இறங்கிய 1,300 துப்புரவுத் தொழிலாளர்களுக்காக. அருங்காட்சியகத்துக்குள் போகும் மாணவர்களில் எத்தனை பேர் அந்தப் பெண்ணிடம் இரண்டு வார்த்தை பேசியிருப்பார்கள்?

மாண்ட்கமரிக்காரர்:

கார்த் தொழிற்சாலை வேலைக்காக இந்த ஊருக்கு வந்து குடியேறியவன் நான். முட்புதர் அவர்கள் செல்மாவைப் பற்றிச் சொன்னதில் மறுக்க எதுவுமில்லை. ஆனாலும் மாணவர்கள் வராமல் இருப்பதால் செல்மாவுக்கு எந்த நன்மையும் விளையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்கள் எங்கே தங்குகிறார்கள், எங்கே சாப்பிடுகிறார்கள் என்பது சிறிய செய்தி அன்று. செல்மாவில் ஓர் இரவாவது தங்குமாறும், உள்ளூர்க்காரர் நடத்தும் கடைகளில் சாப்பிடுமாறும், வழிகாட்டியாக அந்த ஊர்க்காரரையே கூலி கொடுத்து அமர்த்திக்கொள்ளுமாறும் கல்லூரியிடம் கேளுங்கள்.

மாண்ட்கமரியில் ஒரே நாளில் நான்கு அருங்காட்சியகம் என்று திட்டமிட்டிருந்தால் தயவுசெய்து மாற்றச் சொல்லுங்கள். ஊரின் நடுவே உள்ள கோர்ட் சதுக்கத்தில் இருந்து டெக்ஸ்டர் நிழற்சாலை வழியாக மாநிலத் தலைமைச் செயலகத்தை நோக்கி நடந்தாலே பாதி வரலாறு காலடியில் கிடக்கிறது. அடிமைகளை ஏலம் விட்ட சதுக்கம் அது. 1955 டிசம்பர் 1 அன்று, வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸ் பேருந்தில் ஏறியதும் அங்கேதான். மேட்டில் ஏறினால், கிங் போதகராக இருந்த தேவாலயம். அதற்கு அப்பால், 1861இல் பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டமைப்புத் தலைவராக ஜெபர்சன் டேவிஸ் பதவியேற்ற படிக்கட்டு. 1965 மார்ச் 25 அன்று, வாக்குரிமை கேட்டுச் செல்மாவில் இருந்து புறப்பட்ட நடைப்பயணம் வந்து நின்றதும் அதே படிக்கட்டின் முன்தான். நடந்து பார்த்தால் சில நிமிடத் தொலைவு.

2018இல் திறக்கப்பட்ட நினைவிடத்துக்கு அரை நாளாவது ஒதுக்க வேண்டும். 1877 முதல் 1950 வரை கும்பல் கொலைக்கு ஆளான 4,400க்கும் மேற்பட்ட கறுப்பின மக்களுக்கானது அது. 800க்கும் மேற்பட்ட துருநிற எஃகுத் தூண்கள், ஒவ்வொரு கவுண்டிக்கும் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) ஒன்றாக. நுழையும்போது கண் மட்டத்தில் நிற்கின்றன. நாம் நடக்க நடக்கத் தரை இறங்கிக்கொண்டே போக, தூண்கள் தலைக்கு மேலே தொங்கத் தொடங்குகின்றன. தாங்கள் வசிக்கும் கவுண்டியின் பெயரை மாணவர்கள் தேட ஆரம்பித்ததும் பேச்சு நின்றுவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஜார்ஜியாவில் இருந்து வருகிறவர்கள் நெடுநேரம் தேட வேண்டியிருக்காது.

சேவை பற்றி ஓர் உதாரணம். ஹேல் கவுண்டியில் கிரீன்ஸ்பரோ என்ற சிற்றூர் இருக்கிறது. (நூலகர் சொன்னது வட கரோலினாவில் உள்ள நகரம், இது அலபாமாவில் உள்ளது. பயணத் திட்டம் போடுகிறவர்களே இரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு.) 1968 மார்ச் மாதத்தில், வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானின் ஆட்களிடம் இருந்து காப்பாற்றுவதற்காக கிங்கை ஒரு சிறு வீட்டில் ஓரிரவு மறைத்து வைத்தார்கள். இன்று அந்த வீடு ஓர் அருங்காட்சியகம். அதைப் புதுப்பித்துக் கொடுத்தவர்கள், பக்கத்து நியூபெர்ன் கிராமத்தில் 1993 முதல் இயங்கும் ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் ஊரகக் கட்டடக்கலைப் பிரிவின் மாணவர்கள். மாணவர்களால் எதுவும் ஆகாது என்று சொல்பவர்கள் அந்த வீட்டைப் போய்ப் பார்க்கலாம்.

முட்புதர்:

ஐயா, நீங்கள் தந்த உதாரணமே என் வாதத்துக்குத் துணை நிற்கிறது. அந்த மாணவர்கள் கட்டடக்கலை படிப்பவர்கள். கிராமத்திலேயே குடியிருந்து, அண்டை வீட்டாருக்குத் தெரிந்த முகங்களாக மாறி, தாங்கள் கட்டியது ஒழுகினால் பதில் சொல்லும் இடத்தில் இருக்கிறார்கள். சனிக்கிழமை வந்து வெள்ளிக்கிழமை போகிறவர் எதற்குப் பதில் சொல்வார்?

பழைய நூலகர்:

இந்தக் கேள்வி புதியது அன்று. 1963 இறுதியில் மிசிசிப்பியில் இதே கேள்விக்காக, நான் முன்பு சொன்ன மாணவர் ஒருங்கிணைப்புக் குழுவே இரண்டுபட்டது. அந்த விவாதத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இப்பயணத்துக்குப் போகும் எவரும் அதைத் தெரிந்துகொள்ளாமல் போகக் கூடாது என்பது என் எண்ணம்.

1962இல் மிசிசிப்பியில் வாக்களிக்கத் தகுதி பெற்ற கறுப்பின மக்களில் நூற்றுக்கு ஏழு பேர்கூடப் பதிவு பெற்றிருக்கவில்லை. பதிவு செய்யப் போனவர் வேலையை இழந்தார், குத்தகை நிலத்தை இழந்தார், சில வேளைகளில் உயிரையும் இழந்தார். வடமாநிலக் கல்லூரிகளில் இருந்து, பெரும்பாலும் வெள்ளையரான மாணவர்களை ஒரு கோடைக்காலத்துக்கு அழைத்து வந்தால் நாட்டின் கண் இங்கே திரும்பும் என்பது ஒரு தரப்பின் வாதம். களத்தில் இருந்த உள்ளூர் ஊழியர் பலர் அதை எதிர்த்தார்கள். வருகிறவர்கள் தட்டச்சு தெரிந்தவர்கள், பேசத் தெரிந்தவர்கள், அதிகாரிகளிடம் கூசாமல் நிற்கப் பழகியவர்கள். அவர்கள் அறிக்கை எழுதி முடிப்பதற்குள், எழுத்துக் கூட்டிப் படிக்கும் உள்ளூர் விவசாயி தன் அலுவலகத்திலேயே ஒதுங்கி நின்றுவிடுவார். கோடை முடிந்து அவர்கள் போன பிறகு, அவரை மறுபடி முன்னே கொண்டுவருவது யார் என்று கேட்டார்கள். 1964 ஜனவரியில், ஒரு கொலையை நேரில் கண்ட சாட்சியான லூயிஸ் ஆலன் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகே, மிசிசிப்பியில் குழுவின் பணியை நடத்திய பாப் மோசஸ் இந்தக் கோடைத் திட்டத்துக்கு ஆதரவாக நின்றார்.

மாணவர்களுக்கு ஒகையோ மாநிலத்து ஆக்ஸ்போர்டில், மேற்கத்திய மகளிர் கல்லூரி வளாகத்தில் பயிற்சி நடந்தது. தங்கள் செலவைத் தாங்களே ஏற்பதோடு, கைதானால் பிணைக்காக 500 டாலர் கொண்டுவர வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. ஒரு குழு மிசிசிப்பிக்குள் நுழைந்த மறுநாளே, ஜூன் 21 அன்று, ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மேன், மைக்கேல் ஷ்வெர்னர் ஆகிய மூவரும் காணாமற் போனார்கள். எரிக்கப்பட்ட ஒரு தேவாலயத்தைப் பார்த்துவரப் போனவர்கள் அவர்கள். சேனி மெரிடியனைச் சேர்ந்த கறுப்பின இளைஞர். மற்ற இருவரும் நியூயார்க்கைச் சேர்ந்த வெள்ளையர். ஆகஸ்ட் 4 அன்று ஒரு மண் அணைக்கு அடியில் உடல்கள் கிடைத்தன. அந்தத் தேடலின்போது ஆற்றில் வேறு இரு உடல்களும் அகப்பட்டன: சார்லஸ் மூர், ஹென்றி டீ. இருவரும் கறுப்பினத்தவர், மே மாதமே கொல்லப்பட்டவர்கள். மூர் ஆல்கார்ன் கல்லூரியில் படித்தவர். காணாமற் போன மூவரைத் தேடக் கடற்படையினரே வந்தார்கள்; இந்த இருவரைத் தேடி எவரும் வரவில்லை. வெள்ளை மாணவர் வந்தால்தான் நாடு பார்க்கும் என்ற கணக்கு எவ்வளவு சரியாக இருந்தது என்பதே அதன் கொடுமை.

அந்தக் கோடையில் ஏறத்தாழ 17,000 பேர் பதிவு செய்ய முயன்றதில் 1,600 பேரை மட்டுமே அதிகாரிகள் ஏற்றார்கள். எண்ணிக்கையில் அது தோல்விதான். ஆனால் 40க்கும் மேற்பட்ட சுதந்திரப் பள்ளிகள் நடந்தன. உள்ளூர் மக்கள் தங்கள் சொந்தக் கட்சியை அமைத்து, பானி லூ ஹேமர் போன்றோரை அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு அனுப்பினார்கள். வந்த மாணவர்கள் உள்ளூர்க் குடும்பங்களின் வீடுகளில் தங்கி, அவர்கள் சொன்ன வேலையைச் செய்த இடங்களில் பணி நிலைத்தது. தாங்களே திட்டம் போட்ட இடங்களில் மனக்கசப்பு மிஞ்சியது. ஆகவே முட்புதர் கேட்கும் 'எத்தனை நாள்' என்ற கேள்வியைவிட, என்ன வேலை என்பதை யார் தீர்மானித்தார்கள் என்ற கேள்வியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. செல்மாவில் அந்தச் சுவருக்கு வண்ணம் வேண்டும் என்று கேட்டது யார்?

அட்லாண்டாவாசி:

அதை நாங்கள் கேட்கவே இல்லை. இன்று மகளிடம் சொல்லிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

இடையில் இன்னொரு செய்தி. பயணக் குழுவில் சிலர் வாக்காளர் பதிவு முகாம் ஒன்றிலும் உதவலாம் என்று பேசிக்கொள்கிறார்களாம். அவளுடைய தோழி ஒருத்தி சென்னையில் இருந்து மாணவர் விசாவில் வந்து படிப்பவள். அவள் அதில் ஈடுபடலாமா?

வளாகப் பணியாளர்:

ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் சேவை அலுவலகத்தில் இத்தகைய பயணங்களை ஏற்பாடு செய்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். அந்தத் தோழி பயணத்தில் தாராளமாகப் போகலாம். ஆனால் வாக்காளர் பதிவு மேசையில் அவர் அமர வேண்டாம். குடியுரிமை இல்லாதவர் தன் பெயரைத் தவறுதலாகப் பதிவு செய்துகொண்டாலும் அது குடியேற்ற விவகாரத்தில் மிகக் கடுமையான விளைவுகளைத் தரும். பிறருடைய படிவங்களைக் கையாள்வது பற்றிய சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. அலபாமாவில் 2024இல் வந்த ஒரு சட்டம், அஞ்சல் வாக்கு விண்ணப்பத்தில் மற்றவர் உதவுவதற்குப் பல தடைகளை விதித்திருக்கிறது. குடியுரிமை உள்ள மாணவர்களும் உள்ளூர் அமைப்பு ஒன்றின் கீழ், அவர்கள் பயிற்சி தந்த பிறகே இதில் இறங்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்திடம் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது நல்லது.

செல்மாவில் நின்றுகொண்டு இதைப் பேசும்போது பின்னணியும் மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1965க்கு முன், செல்மா அமைந்துள்ள டல்லஸ் கவுண்டியின் வாக்காளர் பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டு நாள் மட்டுமே திறந்திருந்தது. வரிசையில் நின்றவர்களைத் தேர்வு என்ற பெயரில் திருப்பி அனுப்பினார்கள். அண்டை ஊரான மேரியனில் ஜிம்மி லீ ஜாக்சன் காவலரால் சுடப்பட்டு இறந்ததற்கு எதிராகவே மார்ச் 7 அன்று ஏறத்தாழ 600 பேர் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் ஏறினார்கள். பாலத்தின் நடு மேட்டுக்கு வரும்வரை மறுபுறம் நிற்கும் காவலர்கள் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். நடந்து பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அங்கே அந்தக் காவலர்கள் அவர்களை அடித்து விரட்டினார்கள். அந்த அடிகளின் விலையாக ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி, பழைய பாகுபாடு கொண்ட பகுதிகள் தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசின் அனுமதி பெற வேண்டியிருந்தது. எந்தப் பகுதிகள் என்று குறிக்கும் பிரிவை 2013இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. வழக்குத் தொடுத்த ஷெல்பி கவுண்டி, உங்கள் மகளின் பேருந்து செல்மாவில் இருந்து பர்மிங்காம் போகும் பக்கத்தில்தான் இருக்கிறது.

பணிகள் பற்றி. நூலகர் சொன்னபடி, முதல் தொலைபேசி அழைப்பு உள்ளூர் அமைப்புக்குப் போக வேண்டும், தேதி உட்பட. அவர்கள் 'மார்ச் வேண்டாம், எங்களுக்குக் கூட்டம் தாங்காது' என்று சொன்னால் அக்டோபருக்கு மாற்றத் தயாராக இருக்க வேண்டும். திறமை தேவைப்படாத வேலை என்று எதையும் எண்ணிவிடக் கூடாது. பழைய கறுப்பினக் கல்லறைகளைச் சுத்தம் செய்வது மாணவர் குழுக்களுக்கு அடிக்கடி தரப்படும் பணி. ஆர்வக் கோளாறில் கம்பித் தூரிகையாலும் பிளீச்சாலும் தேய்த்து, நூறாண்டு எழுத்தை ஒரு மணி நேரத்தில் அழித்துவிட முடியும். தண்ணீரும் மென்மையான தூரிகையும் பொறுமையும்தான் அங்கே தேவை. பொரிந்துபோன கல்லைத் தொடவே கூடாது. அதைக் கற்பிப்பதற்கு உள்ளூரில் ஒருவர் இருந்தால் மட்டுமே அந்தப் பணியை ஏற்றுக்கொள்வேன்.

பேருந்தில் போகாமலே செய்யக்கூடிய வேலை நிறைய உண்டு என்பதையும் சொல்கிறேன். முதியவர்களின் ஒலிப்பதிவுகளை எழுத்தாக்குவது, தேவாலயங்களின் பழைய படங்களை மின்படிகளாக்கிப் பெயர்களைக் குறிப்பது, மானிய விண்ணப்பங்களுக்கு வேண்டிய விவரங்களைத் திரட்டுவது ஆகியவை சிறு அருங்காட்சியகங்கள் கெஞ்சிக் கேட்கும் உதவிகள். ரோசா பார்க்ஸின் கையெழுத்துத் தாள்களைக்கூட நாடாளுமன்ற நூலகத்துக்காகத் தன்னார்வலர்களே எழுத்துப்பெயர்த்தார்கள். போய்ப் பார்த்தவர்கள் திரும்பி வந்து ஓராண்டு இதைச் செய்தால், முட்புதர் அவர்களின் கேள்விக்கும் பாதி விடை கிடைக்கும்.

படம் எடுப்பது பற்றி மட்டும் ஒரு வார்த்தை. மிசிசிப்பியில், 1955இல் வெள்ளையர் கொன்ற பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லின் உடல் கிடைத்த ஆற்றங்கரையில் 2008இல் நட்ட பலகை திருடு போனது. அடுத்தடுத்து வைத்தவை சுடப்பட்டன. 2019 அக்டோபரில், 500 பவுண்டுக்கு மேல் எடை கொண்ட, தோட்டா துளைக்காத பலகையை வைக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டில், துளைபட்ட பலகையின் அருகே துப்பாக்கிகளோடு சிரித்தபடி நின்று படம் எடுத்துக்கொண்டவர்களும் கல்லூரி மாணவர்களே. ஆகவே நினைவிடங்களில் கைப்பேசி பேருந்திலேயே இருக்கட்டும் என்று நாங்கள் சொல்கிறோம். மாணவர்கள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

மாண்ட்கமரிக்காரர்:

எண்பதாம் எண் நெடுஞ்சாலையில் மாண்ட்கமரிக்கும் செல்மாவுக்கும் நடுவே லௌண்டெஸ் கவுண்டி இருக்கிறது. பெரும்பாலான பேருந்துகள் அதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போய்விடுகின்றன. 1965 தொடக்கத்தில், மக்களில் நூற்றுக்கு எண்பது பேர் கறுப்பினத்தவராக இருந்த அந்தக் கவுண்டியில் பதிவு பெற்ற கறுப்பின வாக்காளர் ஒருவர்கூட இல்லை. நடைப்பயணத்தின்போது அந்தப் பகுதியில் சாலை இருவழியாகக் குறுகியதால், 300 பேர் மட்டுமே நடக்கலாம் என்று நீதிமன்றம் வரையறுத்திருந்தது. பயணம் முடிந்த இரவில், நடந்தவர்களைக் காரில் ஏற்றிச் சென்ற வயோலா லியூசோ அங்கேதான் சுட்டுக் கொல்லப்பட்டார். பிறகு, வாக்காளராகப் பதிவு செய்த குத்தகை விவசாயிகளை நில உரிமையாளர்கள் வெளியேற்ற, அவர்கள் சாலையோரத்தில் கூடாரம் போட்டு வாழ்ந்தார்கள். அந்த இடத்தில் தேசியப் பூங்காத் துறையின் விளக்க மையம் இருக்கிறது.

இன்றைய லௌண்டெஸ் பற்றியும் மாணவர்கள் கேட்க வேண்டும். அங்கே பல வீடுகளின் கழிவுநீர் கொல்லைப்புறத்தில் திறந்தவெளியாகத் தேங்குகிறது. நம் கரிசலைப் போல நீரை எளிதில் கீழே இறங்கவிடாத களிமண். சாதாரணக் கழிவுத்தொட்டி அங்கே வேலை செய்யாது. அந்த மண்ணுக்கு ஏற்ற அமைப்பு பல வீட்டாரின் வருமானத்துக்கு எட்டாத விலை. மத்திய நீதித்துறை 2021இல் விசாரணை தொடங்கி, 2023 மே மாதத்தில் மாநிலச் சுகாதாரத் துறையுடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. 2025 ஏப்ரலில் அந்த உடன்பாடு கைவிடப்பட்டது. பொறியியல் படிக்கும் மாணவர் எவரேனும் குழுவில் இருந்தால், அவருக்குச் சுவரைவிட இங்கே கற்க அதிகம் உண்டு. அதற்காக வீடுகளுக்குள் எட்டிப் பார்க்கும் சுற்றுலாவாக அதை ஆக்கிவிட வேண்டாம். அங்கே உழைக்கும் அமைப்புகளின் வழியாகவே போக வேண்டும்.

முட்புதர்:

வளாகப் பணியாளரின் பதிவுக்கு நன்றி. எல்லாக் கல்லூரிகளும் அப்படி நடந்துகொண்டால் எனக்கு இங்கே எழுத வேலை இருக்காது. ஒரு வாரப் பயணத்தைப் பற்றிய என் மதிப்பீடு மாறவில்லை; அதைச் சேவை என்று விளம்பரப் பலகையில் எழுதாமல் இருந்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்மவர்கள் இந்தப் பயணங்களுக்குப் போய் வந்ததும் காந்தியையும் கிங்கையும் அருகருகே வைத்து ஒரு பதிவு போட்டு முடித்துக்கொள்கிறார்கள். லாசனின் நாக்பூர் வாழ்க்கை உண்மையே. ஆனால் நமக்கு அதைவிட நெருக்கமான தொடர்பு வேறு இருக்கிறது. ஆசியர்களைக் கிட்டத்தட்ட முழுவதுமாகத் தடுத்து வைத்திருந்த பிறப்பு நாட்டு ஒதுக்கீட்டு முறையை நீக்கிய குடியேற்றச் சட்டம் 1965 அக்டோபர் 3 அன்று கையெழுத்தானது. வாக்குரிமைச் சட்டத்தை நிறைவேற்றிய அதே நாடாளுமன்றம்; அந்தப் போராட்டம் உண்டாக்கிய அதே அரசியல் சூழல். அட்லாண்டாப் புறநகரில் நம் வீடுகள் இருப்பதற்கு, அந்தப் பாலத்தில் அடிபட்டவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. நாம் அந்த ஊருக்குக் கொடுக்கப் போகிறோமா, வாங்கியதை அறிந்துகொள்ளப் போகிறோமா என்று உங்கள் மகள் யோசித்துப் பார்க்கட்டும்.

பழைய நூலகர்:

இதில் முட்புதரோடு முழுவதும் உடன்படுகிறேன். பர்மிங்காமைப் பற்றி எவரும் எழுதவில்லையே என்பதால் ஒரு குறிப்பு. 1963 மே மாதத்தில் பள்ளிப் பிள்ளைகள் நாய்களையும் தண்ணீர்ப் பீரங்கியையும் எதிர்கொண்ட கெல்லி இங்கிரம் பூங்காவும், செப்டம்பர் 15 அன்று குண்டு வெடித்து நான்கு சிறுமியர் இறந்த பதினாறாம் தெருத் தேவாலயமும் எதிரெதிரே இருக்கின்றன. முதல் குற்றவாளி 1977இலும் மற்ற இருவர் 2001, 2002 ஆண்டுகளிலும்தான் தண்டிக்கப்பட்டார்கள். தேவாலயத்துக்குள் போவதற்கு முன் அந்த ஆண்டுகளைச் சொல்லிவிடுங்கள். வழிகாட்டிகள் பல வேளைகளில் குண்டுவெடிப்போடு கதையை நிறுத்திவிடுகிறார்கள்.

அட்லாண்டாவாசி:

அனைவருக்கும் நன்றி. மகள் பயணப் பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டாள். வண்ணம் அடிக்கும் வேலையைக் கல்லூரியேதான் தேர்ந்தெடுத்ததாம். சமூகக் கூடத்தார் சரி என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். இப்போது அவர்களிடம் நேரடியாகப் பேசியதில், வண்ணத்தைவிடத் தங்களிடம் உள்ள பழைய ஒலிநாடாக்களைக் கேட்டு எழுத ஆள் வேண்டும் என்றார்களாம். தேய்ந்த நாடாக்கள் என்பதால் கோடை முழுவதும் வீட்டில் இருந்தே செய்ய வேண்டியிருக்கும். குழுவில் ஆறு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மற்றவர்கள் இன்னும் யோசிக்கிறார்கள். சுவருக்கு உள்ளூர் வண்ணக்காரரை அமர்த்துவதற்குக் கல்லூரி பணம் தருமா என்பது முடிவாகவில்லை. செல்மாவில் ஓர் இரவு தங்குவது உறுதியாகிவிட்டது. தோழி பதிவு மேசைக்குப் போகவில்லை.

மாண்ட்கமரிக்காரர் ஐயாவிடம் ஒரு கேள்வி மட்டும் மிச்சம். நடைப்பயணம் புறப்பட்ட பிரவுன் சேப்பல் தேவாலயம் கறையான் அரிப்பால் பழுதுபார்ப்புக்காக நெடுங்காலம் மூடியிருந்தது என்று படித்தேன். உள்ளே பார்ப்பதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டுமா, போய் நின்றால் போதுமா?

மாண்ட்கமரிக்காரர்:

நம்பிப் போய் நிற்க வேண்டாம். புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே தேவாலய அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி நிலைமையைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் வழிபாட்டு நேரத்தைத் தவிர்க்கவும், இல்லையேல் வழிபாட்டில் அமைதியாகக் கலந்துகொள்ளவும். நடுவில் நுழைந்து சுற்றிப் பார்க்கக் கூடாது. உள்ளே போக முடியாவிட்டாலும், தேவாலய வாசலில் இருந்து பாலம் வரை நடந்தே போகச் சொல்லுங்கள். வழியில் உள்ள கடைகளில் திறந்திருப்பவை சிலவே. அங்கேயே மதிய உணவை முடித்துக்கொள்ளட்டும்.